போட்டி ஏர் பிஸ்டல்: கோவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகளுக்கும், அவர்களை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாகக் கோவையில் சுடுகிறேன். புதிதாக வருபவர்களின் பிஸ்டலைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது. அங்கே வாராவாரம் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை.

இதற்கு லைசென்ஸ் வேண்டுமா?

4.5 மி.மீ. (0.177 அங்குலம்) துளையும், 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு வேண்டாம். போட்டி பிஸ்டல் இந்த வரம்பின் அருகில்கூட வராது. அரை கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள பெல்லட் (ஈயக் குண்டு) நொடிக்கு சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் ஆறு ஜூல்தான். ஆனால் பார்ப்பதற்கு நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும். பஸ்ஸிலோ டீக்கடையிலோ பெட்டியைத் திறந்து யாருக்கும் காட்டாதீர்கள். வாங்கிய ரசீதும் கிளப் அட்டையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

எதையெல்லாம் மாற்ற விதி இடம் தருகிறது?

பிஸ்டல் 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 420 x 200 x 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் முழுதாக அடங்க வேண்டும். ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும், அதாவது அந்த எடையை மாட்டித் தூக்கினாலும் விடுபடக் கூடாது. குறிபார்க்கும் சைட் சாதாரணத் திறந்த வகை மட்டும்தான். லென்ஸ், கண்ணாடி, லேசர் எதுவும் பிஸ்டல் மேல் இருக்கக் கூடாது. பார்வைக்குக் கண்ணாடி வேண்டுமென்றால் அதைச் சுடுபவர் முகத்தில் போட்டுக்கொள்ளலாம். இந்த வேலிக்குள் கிரிப் (கைப்பிடி), ட்ரிகரின் இடம், சைட்டின் அகலம், முன்பக்க எடைக்கட்டி எல்லாம் உங்கள் விருப்பம்.

முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

கிரிப்பில். மற்ற எல்லாம் அப்புறம்.

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, பிஸ்டலைக் குறிக்கு நேராகத் தூக்குங்கள். கண்ணைத் திறந்ததும் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நின்றால், ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டை வளைத்துத்தான் நேராக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம். ஐம்பதாவது குண்டில் அந்த மணிக்கட்டு ஒத்துழைக்காது.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க உள்ளங்கையில் சாக்பீஸ் தூள் பூசிப் பிடித்துப் பாருங்கள். மரத்தில் வெள்ளை அழுத்தமாகப் பதிந்த இடம் மேடு. பதியாத இடம் பள்ளம். மேட்டை 120 நம்பர் உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். பள்ளத்தை எம்-சீல் வைத்து நிரப்பி, இறுகுவதற்குள் பிடித்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் தேய்ப்பது அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தேய்த்த அன்றைக்குச் சுகமாக இருப்பது மூன்றாம் நாள் தொளதொளவென்று ஆகிவிடும். மரத்தை எடுப்பது சுலபம், திரும்ப வைப்பது கடினம்.

உள்ளங்கைத் தாங்கியைப் பலரும் கை நசுங்கும் அளவுக்கு ஏற்றி முறுக்கிவிடுகிறார்கள். ஒரு அஞ்சல் அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் போதும். வளரும் பிள்ளை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரிப்பைத் திரும்பப் பாருங்கள்; பதின்மூன்று வயதுக் கை பதினான்கு வயதில் வேறு கை. அதனால் பிள்ளைகளின் கிரிப்பில் உப்புத்தாளைவிட எம்-சீல்தான் அதிகம் பயன்பட வேண்டும்.

கோயில் கயிறு கட்டியிருக்கிறேன். பிரச்சினையா?

சுடும் கையில் கடிகாரம், காப்பு, மணிக்கட்டுப் பட்டை போன்ற எதுவும் கூடாது என்பது விதி. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும். கயிற்றையும் கழற்றச் சொல்வார்கள். போட்டி நாளில் அவிழ்க்க மனசு கேட்காது என்றால் கட்டும்போதே இன்னொரு கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

ட்ரிகரை எவ்வளவில் வைக்க வேண்டும்?

520 கிராம். 500 என்று விதியில் இருப்பதால் 500-இலேயே வைப்பது ஆபத்து. ஸ்பிரிங் தளரும், திருகு நகரும், சோதனைக்காரர் எடையை மாட்டும் இடம் ஒரு மில்லிமீட்டர் கீழே இருந்தாலே கணக்கு மாறும்.

என்னுடைய இரண்டாவது மாநிலப் போட்டியில் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முந்தின நாள் இரவு, விடுதி அறையில், ட்ரிகர் கொஞ்சம் கனமாகத் தெரிகிறதென்று கால் சுற்றுத் திருகினேன். நான்கு மாதம் நன்றாக இருந்த பிஸ்டல் அது. காலையில் சோதனை மேசையில் முதல் தடவை எடை தூக்கவில்லை, இரண்டாவது தடவையும் தூக்கவில்லை. மூன்றாவது தடவை தூக்கியது. சுடப் போய் நின்றபோது என் கை அடங்க இருபது குண்டு ஆயிற்று. போட்டி முடிந்த பிறகும் சோதனைக்குக் கூப்பிடுவார்கள், அதில் தவறினால் தகுதி நீக்கம்தான். அன்றிலிருந்து போட்டிக்கு முந்தின வாரம் எந்தத் திருகையும் தொடுவதில்லை.

ட்ரிகரின் எடையை இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம். முதல் இழுப்பில் 350, தடையைத் தொட்ட பிறகு 170 என்று வைத்தால் புதியவர்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று தெளிவாகத் தெரியும். முதல் கட்டத்தை இலகுவாக்கி இரண்டாம் கட்டத்தைக் கனமாக்கினால் தடை சுவர் போல நிற்கும். பிள்ளைகள் அதை உடைக்கிற மாதிரி சுண்டிவிடுகிறார்கள். குண்டு கீழே வலதிலோ இடதிலோ போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பேரல் (குழல்) அல்ல.

எங்கள் ஊர் லேத் பட்டறையில் எதையும் செய்து தருவார்களே. பிஸ்டல் பாகங்களையும் கொடுக்கலாமா?

கணபதியிலும் சிங்காநல்லூரிலும் பம்புக்கும் மில்லுக்கும் பாகம் கடையும் கைகள் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைத் தொட்டே சொல்லிவிடும். அந்தக் கைத்திறன் மேல் எனக்கு நிறைய மரியாதை. அதற்காக ட்ரிகரின் உள்ளே இருக்கும் கொக்கியைக் கொடுத்துவிடாதீர்கள். அதன் மேற்பரப்பு மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால் மெல்லிய கடினத் தோல் போய், கீழே இருக்கும் மென்மையான உலோகம் வெளியே வரும். முதல் வாரம் வெண்ணெய் போல இருக்கும். பிறகு தானாகவே விடுபட ஆரம்பிக்கும், கையில் இருக்கும்போதே.

காற்றின் ஆற்றலைக் கூட்டச் சொல்வதும் வேண்டாம். பத்து மீட்டருக்கு அது தேவையும் இல்லை, வரம்பு மீறினால் ஆயுதச் சட்டத்துக்குள் போய் நிற்பீர்கள்.

லேத்துக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: 500 கிராம் சோதனை எடை. வெளியிலிருந்து வாங்கினால் விலை அதிகம். 30 மி.மீ. பித்தளைக் கம்பியில் ஏறக்குறைய 83 மி.மீ. நீளம் வெட்டி, தலையில் கொக்கி வைத்தால் 500-க்குச் சற்று மேல் வரும். அதைத் துளித் துளியாகக் கடைந்து இறக்கலாம். கடைசி எடையை நகைக்கடைத் தராசில் பார்த்தோம். பெரிய கடைவீதிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பத்து மில்லிகிராம் துல்லியத்தில் நிறுத்துக் கொடுத்தார். அந்த எடையில்தான் இன்றும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சோதிக்கிறார்கள். பிஸ்டலுக்குக் காற்றுத் தரும் சிலிண்டரை மாட்டி, சுடத் தயார் நிலைக்கு ஏற்றி, பேரலை நேர்மேலாகப் பிடித்து, மேசையில் இருக்கும் எடையை ட்ரிகரால் தூக்க வேண்டும். மேலே சொன்ன அளவுப் பெட்டியை ஒரு தச்சரிடம் பிளைவுட்டில் செய்துகொள்ளுங்கள்.

டயர் கடையில் காற்று அடிக்கலாமா? வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் இருக்கிறதே?

டயர் கடைக் கம்ப்ரெஸர் பத்து பார் (காற்றழுத்த அளவு) அளவில் நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது 200 பார். ஆகவே அங்கே போய்ப் பயனில்லை.

வெல்டிங் பட்டறைப் பக்கம் போகவே போகாதீர்கள். இதை ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்குகிறது. அங்கே இருப்பது ஆக்சிஜன். உயர் அழுத்த ஆக்சிஜன், ஒரு சொட்டுக் கிரீஸைத் தொட்டாலே பற்றி வெடிக்கும். உங்கள் பிஸ்டலின் வால்வில் கிரீஸ் இருக்கிறது. பிஸ்டல் இருப்பது முகத்துக்கு நேராக. காற்றைத் தவிர வேறு எதையும் சிலிண்டரில் ஏற்றக் கூடாது.

கடல் நம்மூரில் இல்லாததால் டைவிங் சிலிண்டர் நிரப்பித் தருபவர்கள் குறைவு. உயர் அழுத்தக் கம்ப்ரெஸர் உள்ள ரேஞ்சில் நிரப்பிக்கொள்ளலாம், அல்லது மூன்றடுக்குக் கைப்பம்பு வாங்கலாம். கைப்பம்பில் ஐம்பது அடிக்கு ஒரு தடவை நிறுத்தி ஈரத்தைத் திறந்துவிடுங்கள். சாரல் காலத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துக் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது. மெதுவாக நிரப்புங்கள், வேகமாக ஏற்றினால் சூடாகி 200 காட்டும், ஆறியதும் 185-க்கு இறங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் போட்டால் என்ன? தையல் மெஷின் எண்ணெய்?

வெளியே துரு பிடிக்காமல் இருக்க, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் துடைக்கலாம். காற்று போகும் பாதையில் எந்த எண்ணெயும் கூடாது. காங்கேயத்துச் செக்கெண்ணெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கூடாது.

தோட்டத்து டீசல் எஞ்சினை நினைத்துப் பாருங்கள். அதில் தீப்பொறி வைக்க எதுவும் கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கியே சூடாக்கி, எண்ணெயைப் பற்றவைக்கிறது. சிலிண்டரின் வாயில் எண்ணெய் இருக்கும்போது 200 பார் காற்று பாய்ந்தால் அதே வேலை அங்கேயும் நடக்கலாம். ஓ-ரிங்குகளுக்கு (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) சிலிக்கோன் கிரீஸ் மட்டும், விரல் நுனியில் ஒட்டும் அளவு. தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு: மார்கழிக் குளிரில் உறைந்து ட்ரிகரைப் பிடித்துக்கொள்ளும்.

சிலிண்டரை எப்படிப் பத்திரமாக வைப்பது?

வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். 20 டிகிரியில் 200 பார் இருந்தது, 50 டிகிரியில் 220 ஆகும். சித்திரை வெயிலில் ஈரோட்டில் கண்ணாடி ஏற்றிய கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். முழுக்கக் காலி செய்தும் வைக்காதீர்கள். கொஞ்சம் அழுத்தம் இருந்தால் ஈரமும் தூசியும் உள்ளே வராது.

சிலிண்டரில் தயாரிப்பு மாதமும் வருடமும் பொறித்திருக்கும். தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் பத்து வருடம். அதற்குப் பிறகு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஓட்டாதீர்கள். போட்டியில் அந்தத் தேதியையும் பார்ப்பார்கள், அது காலாவதியாகாமல் இருப்பது சுடுபவரின் பொறுப்பு.

காற்று கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பஞ்சர் கடைக்காரர் செய்வதுதான்: சோப்புத் தண்ணீர். சிலிண்டரின் வாயில் தடவி நுரை எழுகிறதா பாருங்கள். பெல்லட் வைக்கும் இடத்தில் கசிவு என்று சந்தேகம் வந்தால், மெல்லிய டிஷ்யூ பேப்பரில் ஒரு கீற்றை மூடியின் இணைப்பு மேல் வைத்து, பாதுகாப்பான திசையில் சுடுங்கள். கீற்று அசைந்தால் அங்கே ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. அதே அளவு ஓ-ரிங்கைத் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள். பம்பு கடையில் கிடைப்பது கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ரப்பரின் தரம் வேறு.

பேரலை எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்வது?

ஐநூறு குண்டுக்கு ஒரு தடவை, அதாவது ஒரு டப்பா பெல்லட் தீர்ந்ததும், இரண்டு மூன்று ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) உருண்டைகளைச் சேர்த்து வைத்துச் சுட்டால் போதும். இரும்புக் கம்பி உள்ளே போகக் கூடாது. ஈயம் மென்மையானது, பேரலை அது தின்னாது. நாம் விடும் கம்பிதான் முனையைக் கெடுக்கும்.

எந்த பெல்லட்?

தட்டைத் தலை, 4.5 மி.மீ. பெட்டியில் 4.49, 4.50 என்று தலையளவு போட்டிருக்கும். உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். தினப் பயிற்சிக்கு மலிவானது போதும். சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயத்தைத் தொட்ட கையால் பப்ஸ் சாப்பிடும் பிள்ளைகளை நான் பார்த்த இடத்திலேயே திட்டுகிறேன், இனியும் திட்டுவேன்.

சைட்டை எப்படி வைப்பது?

முன் சைட்டின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று, முன் சைட்டின் அகலத்தில் பாதியாவது இருக்கட்டும். துல்லியமாக இருக்குமென்று பள்ளத்தைக் குறுக்கினால் கண் சீக்கிரம் களைக்கும். முன் சைட் தெளிவாகவும், குறி மங்கலாகவும் தெரிய வேண்டும். பத்துப் புள்ளி வளையமே 11.5 மி.மீ. விட்டம்தான், நம் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி. அதைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. கருப்பு வட்டத்தின் அடியில் ஒரே வெள்ளை இடைவெளியை ஒவ்வொரு தடவையும் வைப்பதுதான் வேலை.

மில்லும் தறியும் நடக்கும் ஊரில் இருக்கிறோம். பஞ்சுத் தூசி?

சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பிள்ளைகளின் பிஸ்டலைத் திறந்தாலே தெரியும்: ட்ரிகர்க் குழியில் பஞ்சு பூத்திருக்கும். எண்ணெய் போட்ட இடத்தில் அது ஒட்டிக் களிம்பாகிவிடும். ஓவியம் தீட்டும் மென்மையான தூரிகையால் வாரம் ஒரு முறை தட்டிவிடுங்கள். பட்டறைக் கம்ப்ரெஸர் குழாயால் ஊதாதீர்கள், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மாதம் ஒரு முறை ஸ்பாஞ்சை எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

ஆயுத பூஜைக்கு வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள், நானும் வைக்கிறேன். பேரலில் பாதுகாப்புக் கொடி (உள்ளே குண்டு இல்லை என்று காட்டுவது) போட்டு, சிலிண்டரைக் கழற்றிவிட்டு வையுங்கள். சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மூடியில் இருக்கட்டும். குங்குமத் தூள் சைட் திருகுக்குள் இறங்கினால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். சந்தனம் காய்ந்து கிரிப்பின் மரத்தில் கறையாக நிற்கும்.

மின்னணு ட்ரிகர் வாங்கலாமா?

இழுப்பு மிகச் சீராக இருக்கும். ஆனால் மின்சுற்று என்றால் அதற்கும் பழுது உண்டு. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன. 575 எடுத்துப் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தார். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைந்தது. அவர் 2024-இல் பாரிஸில் இதே பத்து மீட்டரில் வெண்கலம் வென்றதைப் பார்த்தபோது எங்கள் ரேஞ்சில் அழாதவர் இல்லை. அந்த டோக்கியோ நாளை நினைத்துத்தான் எல்லோரும் அழுதோம்.

மின்னணு ட்ரிகர் வைத்திருப்பவர்கள் போட்டிக்குப் புது பேட்டரி போட்டு, இன்னொன்றைப் பெட்டியில் வையுங்கள். எந்த வகையானாலும் ஆலன் சாவிகள், ஓ-ரிங், நிரப்பிய இரண்டாவது சிலிண்டர் கையோடு இருக்க வேண்டும்.

பிள்ளைக்குக் கை ஆடுகிறது. முன்னால் எடை கட்டலாமா?

பதினைந்து வயதுக்குள் வேண்டாம். ஆட்டம் குறைந்த மாதிரி தெரியும், தோள் நோகும். ஆடும் கையோடுதான் எல்லோரும் சுடுகிறோம். ட்ரிகரை மென்மையாக இழுக்கத் தெரிந்தால் அந்த ஆட்டம் ஒன்பது புள்ளி வளையத்துக்குள்ளேயே அடங்கும்.

ஓடிக்கொண்டே சுடும் போட்டி வீடியோவில் பார்க்கிறோம். அந்த மாதிரி பிஸ்டல் இங்கே முடியுமா?

அது ஐ.பி.எஸ்.சி. என்னும் பிராக்டிகல் ஷூட்டிங். 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் தொடங்கியது. ஜெஃப் கூப்பர் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம் மூன்றும் சேர்ந்தது அதன் கொள்கை. எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்துத் தரவரிசை போடுவார்கள். ஓப்பன் பிரிவில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட்டும், துள்ளலைக் குறைக்கும் காம்பன்சேட்டரும் மாட்டலாம். புரொடக்‌ஷன் பிரிவில் ஏறக்குறைய தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். அங்கே பெரும்பாலோர் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. உரிமம் பெற்ற துப்பாக்கியைக்கூட உரிமம் உள்ள ஆயுதத் தொழிலாளிதான் திறந்து மாற்ற வேண்டும்.

வேகம்தான் பிடிக்கும் என்றால் நமக்குத் திறந்திருக்கும் வழி 25 மீட்டர். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்ஸில் விஜய் குமார் வெள்ளி வென்றது அதன் ராபிட் ஃபயரில்தான். 0.22 அங்குலத் தோட்டா சுடும் பிஸ்டல், 1000 கிராம் ட்ரிகர், உரிமம் கட்டாயம். அங்கே ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கரியும் மெழுகும் துடைக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் ட்ரிகரும் கிரிப்பும் பழகியவர்கள் அங்கே போனால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

குறை பிஸ்டலிலா, என்னிடமா?

மேசையில் மணல் பை வைத்து, பிஸ்டலைத் தாங்கிப் பிடித்து ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் ஒரே ஓட்டையாகக் கிழிந்தால் பிஸ்டல் நன்றாக இருக்கிறது. பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான் கிழியும். ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் திருகை எந்தத் தேதியில் எவ்வளவு திருப்பினீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதோடு முந்நூறு குண்டு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

புதிது லட்சத்துக்கு மேல் ஆகிறது. பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி எல்லாமே இருபது வருடம் உழைக்கும். முதலில் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள். புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். நிரப்பி ஒரு இரவு வைத்துவிட்டுக் காலையில் முள் இறங்கியிருக்கிறதா பாருங்கள். கிரிப் உங்கள் கையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருந்தால் வேலை அதிகம். கடைசியாக, வெளிச்சத்தில் சாய்த்து உடம்புத் திருகுகளின் தலையைப் பாருங்கள். பள்ளம் தேய்ந்து, கீறல் விழுந்திருந்தால் யாரோ சரியான சாவி இல்லாமல் திறந்து உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அந்தப் பிஸ்டலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.